இரண்டரை வருடம் கடையில் நின்றேன், அதை ரெஸ்யூமில் எங்கே எழுதுவது?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கன்சல்டன்சிக்குப் பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். 'எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்' என்று அவர்கள் கொடுத்த காகிதங்களுக்கு 9,000. சென்னையில் ஹாஸ்டல் ஒரு மாத வாடகை 6,500, திரும்பி வராமல் போன அட்வான்ஸ் இன்னொரு 6,500. திருச்சிக்கும் சென்னைக்குமாக அலைந்த செலவு ஏறக்குறைய 2,000. மொத்தம் 25,500 ரூபாய். பெரும்பகுதி அம்மா ஏலச்சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். இது போக எட்டு மாதம் வீணானது. இவ்வளவும் எதனால் என்றால், கல்லூரியில் படிக்கும்போது நான் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பகுதி நேரமாக வேலை பார்த்தேன், அதை ரெஸ்யூமில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். முதலில் மறைத்தேன், அப்புறம் ஊதிப் பெரிதாக்கினேன். விவரம் தெரிந்த ஒருவர் என்னை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

எங்கள் வீடு உறையூரில். கடை புத்தூர் ஜி.எச். பக்கம், நடந்தே போய்விடலாம். பி.காம். முதல் வருடம், 2019 டிசம்பரில் சேர்ந்தேன். கல்லூரி மதியம் ஒன்றரைக்கு முடிந்துவிடும். சாயங்காலம் 5 மணியிலிருந்து ராத்திரி 9.30 வரை கடை, மாதத்தில் இரண்டு ஞாயிறு காலையிலும் போக வேண்டும். கவுன்ட்டரில் பார்மசிஸ்ட் அக்கா, பில்லிங்கில் நான், கல்லாவில் முதலாளி. சம்பளம் 4,500, கடைசியில் 6,000 ஆனது. எல்லாம் ரொக்கம்தான். முதலாளி டிராயரைத் திறந்து இரண்டு தடவை எண்ணி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கல்லூரியை மூடினார்கள், மெடிக்கல் ஷாப்பை மூடவில்லை. அந்த மாதங்களில் காலையிலேயே போய்விடுவேன். ஒரு காதில் இயர்போன் வழியாக கார்ப்பரேட் அக்கவுன்டிங் வகுப்பு ஓடும், இன்னொரு காதில் "மாஸ்க் வந்துருச்சா", "டோலோ இருக்கா" என்று கூட்டம். இரண்டில் எது மண்டையில் ஏறியது என்று கேட்டால், ஒரு அரியர் விழுந்தது, அதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

2022 மே மாதம் படிப்பு முடிந்தது, கடையையும் அப்போதே விட்டேன். சாலை ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் 150 ரூபாய் கொடுத்து ரெஸ்யூம் அடித்தேன். அடித்தேன் என்ன, ஒரு சீனியருடைய ஃபைலில் பெயரை மாற்றினார்கள். 'சவாலான பணியில் என் திறமைகளைப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவ விரும்புகிறேன்' என்று மேலே நாலு வரி. பலம் என்ற இடத்தில் கடின உழைப்பு. பொழுதுபோக்கு, பாட்டு கேட்பது. அப்பா பெயர், பிறந்த தேதி, தெரிந்த மொழிகள். அடியில் 'மேலே சொன்னவை அனைத்தும் உண்மை' என்று உறுதிமொழி, கையெழுத்து. அடித்துக் கொடுத்த தம்பி, "எக்ஸ்பீரியன்ஸ் ஏதாவது போடணுமாக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். இரண்டரை வருடம் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நின்ற கால், அங்கே உட்கார்ந்துகொண்டு இல்லை என்றேன்.

ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வெட்கம்தான். கூடப் படித்தவர்கள் ஆடிட்டர் ஆபீஸில் இன்டர்ன்ஷிப் என்று போட்டார்கள். நான் போய் மெடிக்கல் ஷாப் என்று போடுவதா? கல்லூரியிலிருந்த தோழிகளில் இரண்டு பேருக்குத்தான் நான் கடையில் வேலை பார்ப்பதே தெரியும். ஒருநாள் எங்கள் டிபார்ட்மென்ட் மேடம் சுகர் மாத்திரை வாங்க வந்தபோது, குனிந்து அட்டைப்பெட்டியில் ஏதோ தேடுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் மாமா வேறு, "கடை வேலையை எல்லாம் போட்டா சேல்ஸ் கேர்ள் வேலைக்குத்தான் கூப்பிடுவான்" என்று சொல்லி வைத்திருந்தார். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அறுபது இடங்களுக்கு மேல் அனுப்பினேன். மூன்று அழைப்பு வந்தது. அதில் இரண்டு, இன்சூரன்ஸ் பாலிசி பிடித்துக் கொடுக்கும் வேலை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இப்போது எங்கள் ஆபீஸில் புதியவர்களின் ரெஸ்யூம்கள் வரும்போது சில சமயம் என் மேஜைக்கும் வருகின்றன. அந்தக் கட்டை அப்படியே விசிறிப் பார்த்தால் எல்லாம் ஒரே ஆள் மாதிரி இருக்கும். அதே நாலு வரி, அதே கடின உழைப்பு, அதே பாட்டு கேட்பது. நடுவில் ஒருவன் 'இரண்டு வருடம் அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டு எழுதினேன்' என்று போட்டிருந்தால் கண் அங்கேதான் நிற்கிறது. கணக்கு வேலைக்கு ஆள் தேடுகிறவருக்கு, மற்றவர் பணத்தைத் தொட்டுப் பழகிய ஆள் என்பது பெரிய விஷயம். நான் வெட்கப்பட்டு வெட்டி எறிந்தது, அந்தக் காகிதத்தில் எனக்கே எனக்கென்று இருந்திருக்கக்கூடிய ஒரே வரி.

அக்டோபரில்தான் அந்தக் கன்சல்டன்சி. சென்னையில், ஒரு மாடி அறை. பெயர் வேண்டாம். 1,500 கட்டியபின் ஒருவர் என் ரெஸ்யூமைப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். அந்த அழுத்தத்தில்தான் முதல் தடவையாக வாய் திறந்து, மெடிக்கல் ஷாப்பில் பில்லிங் பார்த்தேன் சார் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் என்ன? ரெண்டு வருஷம் அக்கவுன்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ்னு பண்ணிரலாம். லெட்டர், பேஸ்லிப் எல்லாம் நாங்களே தர்றோம். எல்லாரும் பண்றதுதான்." 9,000 ரூபாய். எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை என்பதுதான் கொடுமை. வேலை பார்த்தது நிஜம்தானே, இடத்தின் பெயரைத்தானே மாற்றுகிறோம் என்று மனசு சமாதானம் சொன்னது. நான் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியில், 2020 ஜூனிலிருந்து 2022 மே வரை, முழுநேர ஊழியராக ஆனேன். உறுதிமொழிக்கு அடியில் மறுபடியும் கையெழுத்து.

வேலை கிடைத்தது. மாதம் 18,500. நவம்பரில் சென்னையில் சேர்ந்தேன், அம்மா எதிர்வீட்டுக்கெல்லாம் ஜாங்கிரி கொடுத்தார். சேர்ந்த முதல் வாரமே பி.ஜி.வி. படிவம் வந்தது. முந்தைய வாழ்க்கையைச் சரிபார்க்கும் வேலை, அதற்கென்றே இருக்கும் ஒரு ஏஜென்சி செய்யும். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் என்ன என்று ஒரு கட்டம். இல்லை என்று போட்டேன். மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டார்கள். என் கணக்கில் ஸ்காலர்ஷிப்பும், அம்மா போட்ட ஐந்நூறும்தான் இருந்தன. கன்சல்டன்சிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. பத்தொன்பதாவது நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், எச்.ஆரிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த மேடம் கத்தவில்லை. இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என் டிகிரி சர்டிஃபிகேட், ரெகுலர் என்று இருக்கிறது. இன்னொன்று அந்த அனுபவக் கடிதம், முழுநேரம் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே வருடங்கள். "எது உண்மைன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்குக் குரலே வரவில்லை. ஐடி கார்டைக் கழற்றும்போது அதன் கயிறு முடியில் சிக்கிக்கொண்டது, அந்த மேடம்தான் எடுத்துவிட்டார். இன்றைக்கும் அந்த நாளை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கயிறுதான்.

பத்தொன்பது நாள் சம்பளம் வரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கிற முகம் இல்லை. ஹாஸ்டலில் ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது யோசித்தால் அது மாட்டாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். ரெகுலர் டிகிரி படித்த வருடங்களும் முழுநேர வேலை பார்த்த வருடங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால், அதைக் கண்டுபிடிக்க ஏஜென்சிகூட வேண்டாம், காலண்டர் போதும். அப்புறம் அந்த யு.ஏ.என். விஷயம். அது பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க எண். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்பது அந்தக் கணக்கில் வரிசையாக இருக்கும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் பி.எஃப். பிடிக்க வேண்டும். எனக்குக் கிடைத்த போலிக் கடிதத்தில் அது பெரிய கம்பெனி மாதிரி லெட்டர்ஹெட் போட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தவளுக்கு பி.எஃப். ஏன் இல்லை என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் நான் நிஜமாக வேலை பார்த்த கடையில் இருந்தது மொத்தம் நாலு பேர். அங்கே பி.எஃப். இல்லாதது இயல்பு. 'நாலு பேர் உள்ள சில்லறைக் கடை, பி.எஃப். பிடித்தம் இல்லை, சம்பளம் ரொக்கம்' என்று உண்மையை எழுதியிருந்தால் அந்தக் கட்டத்தில் எந்தக் கேள்வியும் எழுந்திருக்காது. பொய்க்குத்தான் ஆதாரம் தேட வேண்டியிருந்தது. பிறகு தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம்: முழுநேரம் என்று போடாமல் பகுதி நேரம் என்று போட்டால், படிப்பும் வேலையும் ஒரே வருடங்களில் இருப்பதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. படித்துக்கொண்டே உழைத்த பிள்ளை என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

டிசம்பர் முழுக்க வீட்டில் படுத்துக் கிடந்தேன். அம்மாவிடம் கம்பெனியில் ஆள் குறைப்பு என்று சொன்னேன் (அதுவும் பொய், பிறகு ஒருநாள் உண்மையைச் சொன்னபோது, "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்). ஒரு சாயங்காலம் அம்மாவுக்கு பி.பி. மாத்திரை வாங்கப் பழைய கடைக்குப் போக வேண்டியிருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும், "ஏண்டி மெலிஞ்சுட்ட?" என்றார். அவ்வளவுதான், கவுன்ட்டருக்கு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா திட்டவில்லை. என் ரெஸ்யூமை மொபைலில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ இங்க என்னென்ன பண்ணேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார்.

அந்தக் கேள்விதான் எனக்கு யாரும் கேட்காத கேள்வி. ஒரு பழைய கம்பெனி டைரியை எடுத்து எழுத ஆரம்பித்தோம். பில் போட்டேன். எத்தனை? தெரியாது. அக்கா பில்லிங் சாஃப்ட்வேரில் என் பழைய லாகினைத் தேடி ஒரு வாரத்து பில்களை எடுத்தார். குறைந்த நாள் 118, அதிகமான நாள் 163. சரி, சுமார் 130 என்று எழுதினோம். வரும் சரக்கை இன்வாய்ஸோடு ஒத்துப் பார்த்து பேட்ச் எண், எக்ஸ்பைரி, எம்.ஆர்.பி. ஏற்றுவேன். ஜி.எஸ்.டி. விகிதம் சரியாக இருக்கிறதா பார்ப்பேன், அப்போது பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதம், சிலவற்றுக்கு 5. மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கு தாக்கலாக வேண்டும் என்பதால், ஆடிட்டர் ஆபீஸுக்கு முதல் வாரத்திலேயே லிஸ்ட் அனுப்புவேன். எழுத எழுத எனக்கே ஆச்சரியம். பி.காமில் மூன்று வருடம் பாடமாகப் படித்ததை நான் ராத்திரி ஏழு மணிக்குக் கையால் செய்துகொண்டிருந்திருக்கிறேன், இரண்டும் ஒன்று என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அப்புறம் அக்கா, "அந்த எக்ஸ்பைரி நோட்டை மறந்துட்டியே" என்றார். மெடிக்கல் ஷாப்பில் தேதி நெருங்கிய மருந்துகளை எடுத்து, அதை சப்ளை செய்த மருந்து ஏஜென்சிக்கே திருப்பி அனுப்புவார்கள். அதற்கு ஈடாக அவர்கள் கிரெடிட் நோட் தருவார்கள், அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், சரக்கு போய்விடும், கிரெடிட் நோட் வராது. கடைக்காரருக்கு நூறு வேலை, மறந்துவிடுவார். 2021இல் நான் ஒரு நோட்டுப் போட்டு, எந்த ஏஜென்சிக்கு எந்தத் தேதியில் எவ்வளவு போனது, கிரெடிட் நோட் வந்ததா என்று கோடு கிழித்து எழுத ஆரம்பித்தேன். பழைய ரிட்டர்ன் சீட்டுகளைத் தோண்டியதில் ஒன்பது ஏஜென்சிகளிடம் 23,400 ரூபாய் நிலுவை. முதலாளி போன் போட்டுப் போட்டு 17,000 சொச்சம் வாங்கிவிட்டார், மீதியை லேட் என்று தள்ளிவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு ஒரு பரோட்டா பார்சல் கிடைத்தது. அந்தச் சம்பவம் என் ரெஸ்யூமில் இல்லவே இல்லை. அதற்குப் பதில் பாட்டு கேட்பது இருந்தது.

ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். படிப்புக்கு அடுத்தபடியாகத் தனித் தலைப்பு, பகுதி நேர வேலை அனுபவம். அதன் கீழே: 'பில்லிங் மற்றும் ஸ்டாக் உதவியாளர் (பகுதி நேரம்), சில்லறை மருந்துக் கடை, புத்தூர், திருச்சி. டிசம்பர் 2019 முதல் மே 2022 வரை, பி.காம். படிப்போடு சேர்த்து வாரம் சுமார் 30 மணி நேரம்.' பிறகு நாலே வரி: மாலை நேரத்தில் நாளொன்றுக்குச் சுமார் 130 பில், கொள்முதல் இன்வாய்ஸ்களைச் சரக்கோடு சரிபார்த்துப் பதிவு, ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு மாதாந்திர விற்பனை, கொள்முதல் பட்டியல். எக்ஸ்பைரி ரிட்டர்னில் நிலுவையிலிருந்த கிரெடிட் நோட்டுகளைக் கண்டுபிடித்து 17,000 ரூபாய் வசூலாக உதவியது. ஊரடங்குக் காலத்தில் முழுநாள் வேலை பார்த்ததை அடைப்புக்குறியில் ஒரு குறிப்பாகப் போட்டேன். கடின உழைப்பு என்ற வார்த்தையை எடுத்துவிட்டேன், 30 மணி நேரம் என்று இருக்கிறதே.

இதில் மூன்று இடங்களில் அக்கா என்னை நிறுத்தினார். முதலாவது, நான் 'மருந்து எடுத்துக் கொடுத்தேன்' என்று எழுதியிருந்தேன். உடனே அடித்துவிட்டார். மருந்து வழங்குவது பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் வேலை, வேறு யாரும் செய்தோம் என்று எழுதினால் முதலாளிக்குத்தான் வம்பு. உங்கள் வரி உங்களுக்கு வேலை கொடுத்தவரை மாட்டிவிடக்கூடாது, எந்தத் துறையிலும் இதைப் பாருங்கள். இரண்டாவது, பதவியின் பெயர். ஸ்டோர் இன்சார்ஜ் என்று போடலாமா என்று கை துறுதுறுத்தது. "யாராவது முதலாளிக்குப் போன் பண்ணி, இன்சார்ஜா இருந்த பொண்ணான்னு கேட்டா அவர் சிரிச்சுருவார்" என்றார் அக்கா. மூன்றாவது, இரண்டரை வருட அனுபவம் என்று மொத்தமாகப் போடாதே என்றார். பகுதி நேரத்தை முழுநேரக் கணக்கில் சேர்த்தால் இன்டர்வியூவில் அதற்கேற்ற கேள்வி வரும், அதற்குப் பதில் இருக்காது. வேலை தேடும் தளங்களில் ஃப்ரெஷரா அனுபவம் உள்ளவரா என்று கேட்கும் இடத்தில் ஃப்ரெஷர் என்றே போட்டேன். அனுபவமுள்ள ஃப்ரெஷர் என்பது நல்ல இடம், அனுபவமில்லாத எக்ஸிக்யூட்டிவ் என்பது மோசமான இடம். நான் இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டேன்.

என் கதை கணக்கு சார்ந்த வேலை என்பதால் சுலபமாகப் பொருந்தியது, எல்லாருக்கும் அப்படி அமையாது. என் வகுப்புத் தோழன் ஒருவன் கடைசி வருடம் முழுக்க பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்தான். அவன் லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிக்குப் போட்டபோது வாராவாரம் எத்தனை ஆர்டர், எந்த ஏரியா என்று எழுதினான். அவனுக்கு ஒரு வசதி, சம்பாத்தியம் முழுக்க பேங்கில்தான் விழுந்திருக்கிறது, ஆப்பிலும் கணக்கு இருக்கிறது, ஆதாரத்துக்கு அலைய வேண்டியதில்லை. கணக்கை மூடுவதற்கு முன்னால் அதையெல்லாம் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆப்பை அழித்தபின் தேடினால் கஷ்டம். இன்னொரு தோழி என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் தீபாவளி சீசனுக்கு மட்டும் போவாள். மூன்று வருடம், ஒவ்வொரு முறையும் நாற்பது நாள். அதை அவள் 'மூன்று வருட அனுபவம்' என்று எழுதப் போனாள், நான் விடவில்லை. மூன்று சீசன், ஒவ்வொரு முறையும் அதே கடை திரும்பக் கூப்பிட்டது என்று எழுதச் சொன்னேன். திரும்பக் கூப்பிட்டார்கள் என்பதைவிட நல்ல சர்டிஃபிகேட் எது? (கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. அவள் போன சீசனிலும் நின்றுகொண்டுதான் இருந்தாள், அது வேறு கதை.) படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமே இல்லையென்றால் நாலு வரி வேண்டாம், ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரி இருக்கட்டும்.

கடிதம் வாங்குவதில் நான் வெட்கப்பட்ட அளவுக்கு முதலாளி யோசிக்கவே இல்லை. "எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்றார். கடை லெட்டர்ஹெட்டில் மருந்து விற்பதற்கான லைசென்ஸ் எண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும் ஏற்கெனவே அச்சாகியிருந்தன, அதுவே கடை நிஜம் என்பதற்குச் சாட்சி. சேர்ந்த தேதி, விட்ட தேதி, பகுதி நேரம் என்ற வார்த்தை, என்ன வேலை, ரொக்கச் சம்பளம் எவ்வளவு, முதலாளியின் போன் நம்பர். 'நன்னடத்தை உள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்' என்ற வழக்கமான வரியையும் அவரே சேர்க்கச் சொன்னார். வேலையை விடும் அன்றே இதை வாங்கிவிடுங்கள். இப்போது வேலையில் இருப்பவர்கள் கடைசி சில மாதச் சம்பளத்தையாவது பேங்கில் போடச் சொல்லுங்கள்.

ஜனவரியில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்திய தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனேன். அங்கே பதிவுக்குக் காசு கிடையாது. 1,500 ரூபாய் கட்டிய நினைவில் வயிறு எரிந்தது. மருந்து விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் மேஜையில் வயதான ஒரு அக்கவுன்ட்ஸ் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். பேரைக்கூடக் கேட்காமல் நேராக அந்த நாலாவது வரியில் விரலை வைத்தார். "எக்ஸ்பைரி ரிட்டர்ன் போட்டா கிரெடிட் நோட் எத்தனை நாள்ல வரும்?" என்றார். "சில பேர் அடுத்த மாசமே தருவாங்க சார், சில பேர் நாம கேக்குற வரைக்கும் தரவே மாட்டாங்க" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். "நாங்க அந்த ரெண்டாவது ரகம்" என்றார். அதற்குப் பிறகு ஏன் கடையில் வேலை பார்த்தாய் என்று கேட்டபோது, ஃபீஸ் கட்ட என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். முன்பு ஒரு இன்டர்வியூவில் இதே கேள்விக்குக் குடும்பக் கஷ்டத்தை விலாவாரியாகச் சொல்லி, எதிரே இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தது ஞாபகம் இருந்தது.

"மே மாசத்துலேருந்து என்ன பண்ணே?" என்று அடுத்த கேள்வி. இதற்கு மட்டும் நான் எதுவும் தயார் செய்யவில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் 19 நாள் இருந்தேன், தவறான அனுபவக் கடிதம் கொடுத்தேன், அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். கை வேர்த்து ரெஸ்யூம் ஓரம் ஈரமாகிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இந்தக் கடைக் கடிதம்?" என்றார். "இது நிஜம் சார், இப்பவே போன் பண்ணுங்க." அவர் பண்ணவில்லை, ஏதோ குறித்துக்கொண்டார். எல்லா இடத்திலும் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை, அதுதான் காரணம். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். 13,500 ரூபாய், பி.எஃப். உண்டு. சென்னைச் சம்பளத்தைவிட 5,000 குறைவு. ஆனால் வீட்டிலிருந்தே போகலாம்.

இங்கேயும் பி.ஜி.வி. வந்தது, அதில் ஒரு கூத்து. ஏஜென்சியிலிருந்து ஒரு பையன் முதலாளிக்குப் போன் செய்து, ஆங்கிலத்தில் என் பெயரைச் சொல்லி ஏதோ வெரிஃபிகேஷன் என்றிருக்கிறான். முதலாளி, ஓ.டி.பி. கேட்கும் கும்பல் என்று நினைத்து நாலு நல்ல வார்த்தை தமிழில் சொல்லி வைத்துவிட்டார். இரண்டாம் தடவை எடுக்கவே இல்லை. 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எனக்கு மெயில் வந்தபோது நெஞ்சு நின்றுவிட்டது. மறுபடியும் ஐடி கார்டு கயிறு. மதிய வெயிலில் கடைக்கு ஓடினேன். அக்கா தன் நம்பரைக் கொடுக்கச் சொன்னார், மறுநாள் அவரே பேசினார், கடிதத்தின் ஸ்கேனையும் என் மெயிலிலிருந்து அனுப்பினோம். யார் பெயரைக் கொடுக்கிறோமோ அவரிடம் முந்தின நாளே, இப்படி ஒரு போன் வரும், ஆங்கிலத்தில் பேசலாம், பணமோ ஓ.டி.பி.யோ கேட்க மாட்டார்கள் என்று சொல்லி வைக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போது அந்தக் கடையில் என் இடத்தில் ஒரு தம்பி இருக்கிறான், பி.பி.ஏ. இரண்டாம் வருடம். எக்ஸ்பைரி நோட்டை அவன்தான் தொடர்கிறான். அந்த நோட்டில் எங்கள் நிறுவனத்துக்கான பக்கத்தில் மட்டும் மூன்று கிரெடிட் நோட் நிலுவை என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறானாம், அக்கா போட்டோ எடுத்து அனுப்பினார். மாலை ஷிப்ட்டில் எத்தனை பில் என்று மாதம் ஒரு நாள் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சம்பளத்தை மட்டும் முதலாளி இன்னும் ரப்பர் பேண்டு போட்டுத்தான் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் அதைப் பேச வேண்டும், அந்த மூன்று கிரெடிட் நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.